நட்பு இருக்கை (ஜிம்பாப்வே)

நட்பு இருக்கை என்பது ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் உருவான சமூக மனநலத் திட்டம். சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு மரப்பெஞ்சு, அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி, பக்கத்தில் மனம் நொந்து வந்த ஒருவர்: வெளிப்பார்வைக்குத் திட்டம் இவ்வளவுதான்.

2005இல் 'முரம்பட்ஸ்வினா நடவடிக்கை' என்ற பெயரில் அரசு நகர்ப்புறக் குடியிருப்புகளையும் சிறுகடைகளையும் இடித்துத் தள்ளியது. வீட்டையோ பிழைப்பையோ இழந்தவர்கள் சுமார் 7 லட்சம் பேர் என்று ஐ.நா. கணக்கிட்டது. அந்த ஆண்டில்தான் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா தம் நோயாளி ஒருவரைத் தற்கொலையில் இழந்தார். மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் காசு அந்தப் பெண்ணிடம் இல்லை. அப்போது நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தனர்.

2006இல் ஹராரேயின் ம்பாரே பகுதியில் இத்திட்டத்தைத் தொடங்கிய சிபாண்டாவுக்கு அறையும் கிடைக்கவில்லை, செவிலியரும் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள், சமூக சுகாதாரப் பணியாளர்களான 14 பாட்டிமார். 'மனநல இருக்கை' என்றால் யாரும் வந்து உட்காரமாட்டார்கள் என்று பெயரை மாற்றவைத்ததும் அவர்களே.

வருபவரிடம் முதலில் ஷோனா மொழியில் 14 கேள்விகள் கேட்கப்படுகின்றன. இந்த வினாப்பட்டியல், 1990களில் ஹராரேயில் பணியாற்றிய இந்திய மனநல மருத்துவர் விக்ரம் படேலும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கியது. பிறகு வந்தவர் தம் சிக்கல்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவற்றில் ஒன்றைத் தாமே தேர்ந்து, அதற்குச் செய்யக்கூடிய ஒரு வழியை வகுக்கிறார். பாட்டியின் கனிவைப் பாராட்டும் செய்திகள் இந்தக் கட்டுக்கோப்பைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அறிவுரையை அள்ளிக் கொடுக்காமல் காது கொடுப்பதே இங்கே பயிற்சியின் கடினமான பகுதி எனலாம். அதிகபட்சம் ஆறு அமர்வுகள். தற்கொலை எண்ணம் போன்ற தீவிர நிலையில் இருப்பவர்கள் மேல்மட்டச் சிகிச்சைக்கு அனுப்பப்படுகின்றனர்.

ஹராரேயின் 24 சுகாதார நிலையங்களில், 18 வயதைக் கடந்த 573 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. ஆறு மாதங்களுக்குப் பின் மனச்சோர்வு அறிகுறிகள் இருக்கையில் அமர்ந்தவர்களில் சுமார் 14 விழுக்காட்டினரிடமும், சற்று மேம்படுத்திய வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 50 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. பங்கேற்றோரில் பத்தில் நான்கு பேருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது, பெரும்பாலோர் பெண்கள். ஆகவே ஆண்களுக்கும் இதே அளவு பலன் கிட்டும் என்று இந்த ஆய்வை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

அமர்வுகளை முடித்தவர்கள் கூடிப் பேசும் குழுக்களும் உண்டு. அங்கே பெண்கள் பழைய பிளாஸ்டிக்கைக் கொண்டு பைகள் பின்னி விற்கின்றனர். வறுமையும் மனவேதனையின் காரணங்களில் ஒன்று என்பதால், இந்தச் சிறு வருமானமும் சிகிச்சையோடு சேர்ந்ததே. மலாவியிலும் சான்சிபாரிலும் இத்திட்டம் பின்னர் தொடங்கப்பட்டது.