உழைப்பும் ஒப்பனையும்: 18ஆம் நூற்றாண்டு மாளிகைத் தோட்டங்களின் பாற்சாலைகள்

18ஆம் நூற்றாண்டின் பிற்கூற்றிலே பிரான்சிலும் இங்கிலாந்திலும் அரச குடும்பத்தினரும் பெருநிலவுடைமையாளரும் தத்தம் மாளிகைத் தோட்டங்களில் அலங்காரப் பாற்சாலைகளை அமைத்தனர். பாலை ஆறவைத்து, ஆடையெடுத்து, வெண்ணெய் கடையும் இடமே பாற்சாலையாகும். பண்ணை வீட்டின் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்த இவ்விடம், இக்காலத்தில் நாட்டுப்புறக் குடிசையின் கோலம் பூண்டு, விருந்தினர் கண்டு மகிழும் மனையாயிற்று. இவற்றைச் செல்வரின் வீண் விளையாட்டென ஒதுக்கிவிடுவோர் உளர். எனினும், உழைப்பு எவ்வாறு காட்சிப்பொருளாக்கப்பட்டது என்பதை அறிய இவை சிறந்த சான்றுகளாகும்.

பாற்சாலையின் முதன்மையான தேவை குளிர்மை. அகன்ற, ஆழமற்ற கலங்களிற் பாலை ஊற்றி, ஆடை மேலெழும்வரை அசையாது வைத்தல் வேண்டும். ஆடையைப் பிரிக்கும் பொறி 19ஆம் நூற்றாண்டின் பிற்கூற்றிலேயே வழக்கிற்கு வந்தது. ஆதலால் தடித்த சுவர், வெயில் படாத வடதிசை நோக்கு, மரநிழல், கழுவுதற்கு எளிய கற்றளம் ஆகியன வேண்டப்பட்டன. வைக்கோல் வேய்ந்த கூரையும் வெப்பத்தைத் தடுத்தது. கண்ணுக்கு எளிமையாகத் தோன்றியது பயன்பாட்டிற்கும் ஏற்றதாக இருந்தமையே, அலங்காரத்திற்குரிய பொருளாகப் பாற்சாலை தெரிந்தெடுக்கப்பட்டமைக்கு ஒரு காரணம் எனலாம்.

மற்றைய காரணம் கருத்துலகைச் சார்ந்தது. கட்டடக் கலையின் மூலம் மரங்களாலான ஆதிக்குடிலே என 1753இல் வெளிவந்த நூலொன்றில் லோஜியே வாதிட்டார். 1762இல் வெளிவந்த றூசோவின் 'எமீல்' இயற்கையோடியைந்த வாழ்வையும் தாய்ப்பாலூட்டலையும் போற்றியது. இங்கிலாந்தின் ஹேமல்ஸ் தோட்டத்தில் எலிசபெத் யோர்க் சீமாட்டிக்காக யோன் சோன் 1780களின் தொடக்கத்தில் வரைந்தளித்த பாற்சாலை லோஜியேயின் கருத்தின் வடிவமேயாகும். பட்டை உரிக்கப்படாத அடிமரங்களே அதன் தூண்கள், வைக்கோலே கூரை, முகப்போ கிரேக்கக் கோயிலை நினைவூட்டுவது. ஓல்த்தோப் மாளிகையில் ஹென்றி ஹொலண்ட் அமைத்த பாற்சாலையின் உட்சுவர்களை வெட்ஜ்வுட் தொழிற்சாலையின் ஓடுகள் அணிசெய்தன. இவ்வாறு நாட்டுப்புற எளிமைக்குள் புதிய கைத்தொழிலின் உற்பத்திப் பொருளும் இடம்பெற்றது.

பிரான்சிலே சாந்திலியில் 1774-75இல் கொண்டே இளவரசர் அமைத்த சிற்றூர் முன்மாதிரியாக விளங்கியது. அங்குள்ள குடிசைகள் புறத்தே கரடுமுரடானவை, அகத்தே ஆடம்பரமானவை. 1783இல் வேர்சாயில் அரசி மரி அந்துவனெற்றுக்காக றிச்சார் மீக் அமைக்கத் தொடங்கிய சிற்றூரிலோ, புதிய சுவர்களிற் பழைய வெடிப்புகள் வர்ணத்தால் தீட்டப்பட்டன. றம்பூயேயில் 16ஆம் லூயி தம் அரசிக்கென எழுப்பி, 1787இல் நிறைவெய்திய பாற்சாலை குடிசைக் கோலத்தையும் கைவிட்டுக் கோயிலாகவே உருப்பெற்றது. அதன் உள்ளே செயற்கைக் குகையும், பியர் யூலியேன் செதுக்கிய அமல்தேயாவின் சிலையும், செவ்ர் பீங்கான் கலங்களும் இருந்தன.

இக்கோலங்களிடையே பாற்றொழிலின் உண்மையான வினைஞர் மறைந்துபோயினர். பாலாடையின் பக்குவம் அறிதல், வெண்ணெய் கடைதல், கலங்களைக் கொதிநீரால் தூய்மை செய்தல் ஆகியன பெரும்பாலும் பெண்களின் கடும் உழைப்பாகவும் அரிய தேர்ச்சியாகவும் இருந்தன. இதே காலத்தில் இங்கிலாந்தில் பாராளுமன்றச் சட்டங்கள் வழியாகப் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டன. அதனால் தம் ஒற்றைப் பசுவை மேய்த்துவந்த குடியானவர் பலர் மேய்ச்சலுரிமையை இழந்தனர். நிலவுடைமையாளரின் பூங்காவில் குடியானவரின் குடிசை எழுந்தபொழுது, உண்மைக் குடியானவரின் வாழ்வு நிலைகுலைந்துகொண்டிருந்தமை நோக்கற்பாலது.

வேர்சாயின் சிற்றூரிலே பாற்சாலைகள் இரண்டு இருந்தன. ஒன்று ஆடையெடுத்து வெண்ணெய் கடையும் வேலையிடம். மற்றையது அரசியும் விருந்தினரும் பாலுணவைச் சுவைத்த சலவைக்கல் மேசைகளையுடைய அழகிய கூடம். வேலையிடமாகிய பாற்சாலை முதலாம் நெப்போலியனின் ஆட்சிக்காலத்தில் இடிக்கப்பட்டது. சுவைக்கும் கூடம் இன்றும் நிற்கின்றது. எஞ்சியுள்ள கட்டடங்களை மட்டும் கொண்டு கடந்தகாலத்தை அறிய முற்படுவோர் நுகர்ந்தோரின் வரலாற்றையே காண்பர். உழைத்தோரின் வரலாற்றைக் காண விரும்புவோர், இடிக்கப்பட்ட அவ்வேலையிடத்தையும் தம் ஆய்வில் உளங்கொள்ளுதல் வேண்டும்.