கண்ணுக்குத் தெரியாத காலியிடம்

2006. புனேயில் நான் புது ஆபீசர். கிளையைக் கோர் பேங்கிங்குக்கு மாற்றிய கையோடு, நெல்லைப் பக்கத்து அம்மா ஒருவர் வந்து நின்றார். குடும்பப் பென்ஷன் வரவில்லை.

"வாடகை கொடுக்கணும்லா தம்பி..."

பென்ஷன் பட்டியலிலும் எங்கள் கணக்கிலும் ஒரே எண்தான். திரையில் அச்சு அசல். கணினி மட்டும் வேறு வேறு என்று சாதித்தது. இரண்டு நாள் கழித்துப் பொட்டி தட்டும் பையன் கண்டுபிடித்தான்: ஒரு எண்ணின் வாலில் நாலு ஸ்பேஸ்!

நான் பி.காம். ஆசாமி. ஒண்ணுமில்லாததுக்கு ஏன் இந்தப் பாடு என்று தேடியதில் கிடைத்த கதை இது.

1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹாலரித்தின் துளை அட்டைகள் வந்தன. 1928-ல் ஐபிஎம் அட்டை 80 பத்தி ஆனது. பெயருக்கு 20 பத்தி ஒதுக்கினால் ஒதுக்கியதுதான். ஸ்மித் என்றால் ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து. மீதி 15 பத்தி துளையில்லாமல் போகும். பிறகு வந்த கோபோல் மொழியும் அப்படியே. சின்னச் சொல்லின் வலப்பக்கம் ஸ்பேஸ் போட்டு நிரப்பும், ஒப்பிடும்போதும் நிரப்பித்தான் பார்க்கும். காலியிடம் வெறும் அடைப்பு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

எஸ்க்யூஎல் காலத்தில் இரண்டு வகை ஆயிற்று. 'சார்' (நம்ம மேனேஜர் சார் இல்லை!) அட்டை மாதிரி, நீளம் மாறாது. 'வார்சார்' வந்த அளவுக்கே இடம் எடுக்கும். மிச்சம்தான். ஆனால் வாலில் இருக்கும் ஸ்பேஸ் அடைப்பா, ஆள் தட்டியதா?

1992 தரநிலை நிரப்பி ஒப்பிடுவது, நிரப்பாமல் ஒப்பிடுவது இரண்டுக்கும் வழி வைத்தது. ஆளுக்கொரு பாதை. எஸ்க்யூஎல் சர்வரில் சமக்குறி போட்டால் வால் ஸ்பேஸ் கணக்கில் வராது. ஆரக்கிளின் வார்சார்2-வும் போஸ்ட்கிரெஸின் வார்சாரும் அதை ஓர் எழுத்தாகவே எண்ணும். மைஎஸ்க்யூஎல், 5.0.3 பதிப்புக்கு முன்பு வார்சாரில் சேமிக்கும்போதே வாலை நறுக்கிவிடும். அதிலிருந்து அப்படியே வைத்துக்கொள்கிறது.

எங்கள் பழைய மென்பொருள் அடைத்து வைத்த நாலு ஸ்பேஸைப் புதியது எழுத்து என்று நம்பியது. அவ்வளவுதான். வாலை வெட்டியதும் அந்த அம்மாவுக்குப் பணம் ஏறியது. ஊரைவிட்டு வந்து தனியாக இருப்பவர், அந்த மாத வாடகைக்குக் கடன் வாங்கியிருந்தார்.

ஊர்விட்டு ஊர் வந்த நமக்குப் படிவம் நிரப்புவதே பாதி வேலை. பெயரையோ கணக்கு எண்ணையோ காப்பி பேஸ்ட் செய்தால் கடைசியில் ஒரு தடவை பேக்ஸ்பேஸ் தட்டிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு ஒன்று வந்திருக்கலாம்.