கார்த்திகைக் கிழங்கின் கதை

இரணைமடுக் குளத்து நீர் பாயும் வட்டக்கச்சியிலே, மாரி தொடங்கியதும் வேலியோரப் பற்றைகளில் ஒரு கொடி தழைக்கின்றது. இலை நுனியையே பற்றுக்கம்பியாக்கிப் படரும் அக்கொடி, கார்த்திகைத் திங்களிலே தீச்சுடர் போன்ற மலர்களைத் தாங்கி நிற்கும். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் அடுக்கிய மலர்களுள் முதலிடம் பெற்ற செங்காந்தள் இதுவே. கிழங்கு கலப்பை வடிவினதாதலின் கலப்பைக் கிழங்கு என்பாரும் உளர்.

இக்கிழங்கின் வரலாற்றை அறியக் கடல் கடந்து செல்லவேண்டும். ஆறாம் நூற்றாண்டிலே திரால்லசு நகரத்து அலெக்சாந்தர் என்னும் மருத்துவர் கீல்வாதத்துக்கு ஒரு கிழங்கை வழங்கினார். அது கொல்சிக்கம் என்னும் பூண்டின் கிழங்கென்பர் அறிஞர். 1820ஆம் ஆண்டிலே பெல்லெத்தியே, கவந்தூ என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் அப்பூண்டின் காரப்பொருளைப் பிரித்தெடுத்தனர். மலேரியாவைத் தணிக்கும் கொயினாவை அதே ஆண்டிற் பிரித்தவர்களும் அவர்களே. 1833இல் கைகர் என்பார் அப்பொருளுக்குக் கொல்சிசீன் எனப் பெயரிட்டார். 1915இல் கிளூவர், கிறீன், துற்றின் என்னும் மூவர் நம் காந்தட் கிழங்கிலும் அதே பொருள் உண்டெனக் கண்டனர்.

கொல்சிசீன் உயிரணுவின் உள்ளிழைகள் உருவாகாமல் தடுக்கின்றது. அதனால் வெள்ளணுக்கள் வீங்கிய மூட்டை நோக்கி விரைவது குன்றி, நோவு தணிகின்றது. அளவு மிகுமாயின் உயிரணுப் பிரிவே நின்றுவிடும். குடலும் என்பு மச்சையும் கெட்டு உயிர் பிரியும். மருந்தும் நஞ்சும் ஒரே செயலின் இரு முகங்களாம். வற்றாளைக் கிழங்கென மயங்கி இதனை அவித்துண்டு மாண்டோர் இலங்கையில் உண்டு. சித்த வைத்தியர் சுத்தி செய்யாது இதனைக் கையாளாமையின் காரணமும் இதுவே.

2023ஆம் ஆண்டிலே அமெரிக்க அரசு, நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் கொல்சிசீனை மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கும் மருந்தாகவும் ஏற்றது. மாத்திரைக்கு அளவு உண்டு. மண்ணிலிருந்து அகழ்ந்த கிழங்குக்கு அளவு ஏது? வீட்டு வைத்தியமாக இதனைத் தொடுவது தகாது.

தமிழ்நாட்டிலே ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பகுதி உழவர் இக்கொடியைப் பந்தலிற் படரவிட்டு, விதையை மருந்தாலைகளுக்கு விற்கின்றனர். வன்னியிலோ இது வேலிக்கொடியாகவே நிற்கின்றது. அஞ்சி வேரோடு களைதலும், அறியாது தீண்டுதலும் ஒருங்கே தவறாம். அதன் இயல்பைப் பிள்ளைகளுக்கு அறிவித்து, கொடியைக் கொடியாகவே காத்தல் நம் கடன்.