ஒலிம்பியாவுக்குப் போன ரசிகன்

பழைய கிரேக்க ஒலிம்பிக் பற்றித் தேடினால் ஓடியவன், மல்யுத்தம் செய்தவன், தேர் விட்டவன் என்று பக்கம் பக்கமாகக் கிடைக்கும். அதைப் பார்க்கப் போனவனைப் பற்றி அவ்வளவாகக் கிடைக்காது. இத்தனைக்கும் அந்த மைதானத்தின் கரைகளில் 40,000 பேருக்கு மேல் கூட முடியும் என்று கணக்குச் சொல்கிறார்கள். ரயில், பஸ், ஓட்டல் ரூம் எதுவும் இல்லாத காலம். இவ்வளவு பேரும் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள், எங்கே படுத்தார்கள், எதைக் குடித்தார்கள்?

கொஞ்ச நாளாக இந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டிருக்கிறேன். நான் வரலாறு படித்தவன் இல்லை, கோடு எழுதிப் பிழைப்பவன். அதனால் ஒரு கருத்தரங்கத் தலைப்பு மாதிரி யோசிக்காமல், ஒரு ரசிகன் கேட்கிற வரிசையிலேயே கேட்டுப் பார்த்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒலிம்பியா ஒரு நகரம் கிடையாது. அது மேற்கு பெலோபொனீஸில் அல்ஃபியஸ், கிளாடியஸ் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் இருந்த ஜீயஸ் கோயில் வளாகம். போட்டியை நடத்திய எலிஸ் நகரம் அங்கிருந்து வெகு தூரம். வீரர்களும் நடுவர்களும் எலிஸிலிருந்து ஊர்வலமாக வந்து சேர இரண்டு நாள் ஆகும். நாலு வருஷத்துக்கு ஒரு முறை ஐந்து நாள் மட்டும் ஜனக்கடலாகும் ஒரு கோயில் மைதானம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நம்மூர்த் திருவிழாப் பொட்டலைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

என்றைக்குப் போவது?

இது சுலபமான கேள்வி இல்லை. ஒவ்வொரு கிரேக்க நகரத்துக்கும் தனித்தனி காலண்டர். மாதப் பெயர் வேறு, வருஷம் பிறக்கும் நாள் வேறு. ஏதென்ஸ்காரனிடம் எலிஸ் மாதத்தின் பெயரைச் சொன்னால் அவனுக்குப் புரியாது.

இதற்கு எலிஸ் செய்த ஏற்பாடு, ஆள் அனுப்பிச் சொல்வது. அறிவிப்பாளர்கள் நகரம் நகரமாகப் போய் விழா நாளையும், அதை ஒட்டிய போர்நிறுத்தத்தையும் அறிவித்தார்கள். விழாவின் நடு நாள் கோடைப் பௌர்ணமியை ஒட்டி வரும். காலண்டர் எப்படி இருந்தாலும் வானத்து நிலா எல்லாருக்கும் ஒன்றுதானே. ராத்திரி வெளியில் படுப்பவனுக்கு அதுவே விளக்கும்கூட.

வழியில் யாராவது பிடித்துக்கொண்டால்?

ஒலிம்பிக் என்றால் உலகமே போரை நிறுத்தியது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். இன்னமும் மேடைப் பேச்சுகளில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் நடந்தது அப்படி இல்லை. பெலோபொனீஸியப் போர் கி.மு. 431-இல் தொடங்கி 404-இல் முடிந்தது. அந்த இடைவெளியில் ஒலிம்பிக்கும் நடந்தது, போரும் நடந்தது.

அப்படியானால் அந்தப் போர்நிறுத்தம் எதற்கு? எலிஸ் நாட்டுக்குள் படை நுழையக்கூடாது. ஒலிம்பியாவுக்குப் போகிறவனையும் திரும்புகிறவனையும் தொடக்கூடாது. அவ்வளவுதான். சுருக்கமாகச் சொன்னால் அது உலக அமைதி ஒப்பந்தம் இல்லை, வழிக்காவல். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. எதிரி நாட்டு நிலத்தின் வழியாக ஒருவன் தேர்ப்பந்தயம் பார்க்க நடந்து போகலாம், அவன்மேல் கை வைத்தால் அது ஜீயஸுக்குச் செய்த குற்றம் என்பது பெரிய ஏற்பாடு.

அது வெறும் பேச்சாகவும் இருக்கவில்லை. கி.மு. 420-இல் போர்நிறுத்தக் காலத்தில் படை அனுப்பியதாக ஸ்பார்ட்டாமீது எலிஸ் குற்றம் சாட்டியது. ஒரு வீரனுக்கு 2 மினா வீதம் 2,000 மினா அபராதம். ஸ்பார்ட்டா கட்ட மறுத்தது. அன்றைக்குக் கிரேக்கத்தின் பெரிய தரைப்படை அவர்களுடையது. ஆனாலும் அந்த வருஷம் ஸ்பார்ட்டாவுக்கு அனுமதி இல்லை என்று எலிஸ் சொல்லிவிட்டது. துசிடிடீஸ் இதை விவரமாக எழுதி வைத்திருக்கிறார்.

தனி மனிதனும் இந்தக் காவலை நம்பி நியாயம் கேட்டிருக்கிறான். ஃபிரைனோன் என்ற ஏதென்ஸ்காரரை கி.மு. 348 வாக்கில், ஒலிம்பிக் போர்நிறுத்தம் இருக்கும்போதே பிடித்துவைத்துப் பணம் கறந்துவிட்டார்கள். ஊர் திரும்பிய மனிதர் சும்மா இருக்கவில்லை. மாசிடோனிய மன்னன் ஃபிலிப்பிடம் ஊர் சார்பில் தூது அனுப்பி என் பணத்தை மீட்டுக் கொடுங்கள் என்று சபையில் கேட்டார். தூதும் போனது. ஒரு பயணியின் புகாருக்காக ஒரு நகரம் ஒரு மன்னனிடம் ஆள் அனுப்பியிருக்கிறது, பாருங்க.

எப்படிப் போவது?

இங்கேதான் எனக்கு ஒரு புதையல் கிடைத்தது. சாக்ரடீஸே பயணக் குறிப்பு கொடுத்திருக்கிறார்! சொல்வது அவருடைய மாணவர் செனபோன்.

ஏதென்ஸிலிருந்து ஒலிம்பியா ரொம்ப தூரமாச்சே என்று ஒருவன் பயந்துகொண்டிருந்தான். சாக்ரடீஸ் அவனிடம் கேட்டது ஏறக்குறைய இதுதான்: வீட்டில் இருக்கும்போதும் நாள் முழுக்க நடந்துகொண்டுதானே இருக்கிறாய்? இங்கே ஐந்தாறு நாளில் நடக்கிற நடையை ஒன்றோடொன்று கோத்து நீட்டினால் ஒலிம்பியா வந்துவிடும். கூடவே இன்னொரு யோசனை: ஒரு நாள் தள்ளிக் கிளம்புவதைவிட ஒரு நாள் முன்னாலேயே கிளம்பு. அவசரத்தை வீட்டில் வைத்துக்கொள், வழியில் வைத்துக்கொள்ளாதே.

இரண்டாயிரத்து நானூறு வருஷம் ஆகியும் இந்த யோசனையில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் செனபோன் அதை அடுத்து எழுதியிருக்கும் உரையாடல்தான் என்னை நிறுத்தியது. இன்னொருவன் நெடும்பயணம் போய்க் களைத்து வந்திருக்கிறான். சாக்ரடீஸ் விசாரிக்கிறார். சுமை ஏதாவது தூக்கினாயா? இல்லை, மேலங்கி மட்டும்தான். தனியாகவா போனாய்? இல்லை, ஆள் கூட வந்தான். அவன் வெறுங்கையோடு வந்தானா? இல்லை, படுக்கையும் சாமானும் அவன்தான் தூக்கி வந்தான். அவன் எப்படி இருக்கிறான்? என்னைவிட நன்றாக இருக்கிறான்!

சாக்ரடீஸ் இதிலிருந்து எஜமானனுக்கு உடற்பயிற்சி பற்றிப் பாடம் எடுக்கிறார். படிக்கிற எனக்கோ அந்தச் சுமை தூக்கிய ஆள்தான் கண்ணில் நிற்கிறான். அவனுக்குப் பெயர் இல்லை. மலைப்பாதையில் அத்தனை நாள் படுக்கையைச் சுமந்தவன் அவன். ஐந்தாறு நாள் நடைதானே என்று லேசாகச் சொல்ல முடிந்ததற்கு அவன் முதுகும் ஒரு காரணம்.

எங்கே தங்குவது?

ரொம்ப காலத்துக்கு எல்லாருக்கும் ஒரே பதில்தான்: வெளியில். வசதி இருந்தால் கூடாரம், இல்லையென்றால் மரத்தடி. கி.மு. 330 வாக்கில் நக்ஸோஸ் தீவைச் சேர்ந்த லியோனிடாஸ் என்பவர் பெரிய விருந்தினர் மாளிகை ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். லியோனிடாயோன் என்று பெயர். அது முக்கியஸ்தர்களுக்கு. சாதாரண ரசிகனுக்கு அப்புறமும் அதே மரத்தடிதான்.

கூடாரத்திலும் ஏற்றத்தாழ்வு உண்டு. கி.மு. 416-இல் ஏதென்ஸின் அல்சிபியாடிஸ் ஏழு தேர்களைப் போட்டியில் இறக்கினார். அவருக்கு எஃபெசஸ் நகரம் ஆடம்பரமான கூடாரம் போட்டுக் கொடுத்தது, கியோஸ் தீவு குதிரைகளுக்குத் தீனி கொடுத்தது, லெஸ்போஸ் திராட்சை மது கொடுத்தது என்று ப்ளூட்டார்க் எழுதுகிறார். இன்றைய வி.ஐ.பி. பாஸ் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றை ஈலியன் சொல்கிறார். பிளேட்டோ ஒலிம்பியாவில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே கூடாரத்தில் தங்கினாராம். கூடவே சாப்பிட்டு, பேசிப் பழகினார். பெயர் பிளேட்டோ என்பதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவர்கள் ஏதென்ஸ் வந்தபோது அவர் வீட்டில் தங்கினார்கள். உன் பெயர்தானே அந்தப் பிரபல தத்துவஞானிக்கும், சாக்ரடீஸின் மாணவராமே, எங்களை அவரிடம் கூட்டிப் போயேன் என்று கேட்டார்கள். நான்தான் அது என்று இவர் சிரித்தாராம். ஈலியன் பல நூற்றாண்டு கழித்து எழுதியவர், கதை எவ்வளவு நிஜமோ. ஆனாலும் ஒலிம்பியாக் கூடாரத்தில் யாரோடு வேண்டுமானாலும் படுக்க நேரலாம் என்பது படித்தவர்களுக்கு இயல்பாகத் தெரிந்திருக்கிறது.

வெயில், ஈ, தண்ணீர்

கோடை உச்சம். மைதானத்தில் நடுவர்களுக்கு மட்டும் கல் இருக்கை. மற்றவர்களுக்கு மண்கரை. எபிக்டெட்டஸ் தன் வகுப்பில் ஒலிம்பியாவின் கஷ்டங்களைப் பட்டியலே போட்டிருக்கிறார்: வெயில், நெரிசல், ஒழுங்கான குளியல் இல்லாதது, மழை வந்தால் நனைவது, சத்தம். காட்சி அவ்வளவு பெரிது என்பதால் இதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறீர்கள் அல்லவா, வாழ்க்கையையும் அப்படிப் பொறுக்கக் கூடாதா என்பது அவர் வாதம். பலி கொடுத்த மாடுகளின் ரத்தமும் கொழுப்பும் இருக்கும் இடத்தில் ஈக்குக் குறைவிருக்குமா? ஈயை விரட்டும் ஜீயஸ் என்று ஒரு தனிப் பட்டமே வைத்து அங்கே பலி கொடுத்தார்கள்.

தண்ணீர்தான் பெரிய பாடு. விழாவுக்காகத் தோண்டி, பிறகு குப்பை போட்டு மூடிய கிணறுகள் ஏராளமாக அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. ஈலியனிடம் இன்னொரு கதை: கியோஸ் தீவுக்காரன் ஒருவன் தன் அடிமைமீது கோபப்பட்டு, உன்னை மாவு அரைக்க அனுப்ப மாட்டேன், ஒலிம்பியாவுக்குக் கூட்டிப் போகிறேன் பார் என்று மிரட்டினானாம். எஜமானனுக்கு வாழ்நாள் கனவு, அடிமைக்குத் திரிகைக் கல்லைவிடக் கொடிய தண்டனை. இதை நகைச்சுவை என்றுதான் சொல்லியிருப்பார்கள். படுக்கை சுமந்த அந்த ஆளை நினைத்துக்கொண்டு படித்தால் சிரிப்பு வரவில்லை.

போகவே முடியாதவர்களும் உண்டு. மணமான பெண்கள் விழா நாட்களில் அங்கே காணப்பட்டால் டிபேயன் மலையிலிருந்து தள்ளிவிடலாம் என்பது சட்டம். மகனின் போட்டியைப் பார்க்கப் பயிற்சியாளர் வேஷத்தில் போன ஒரு தாய், அவன் ஜெயித்ததும் தடுப்பைத் தாண்டிக் குதித்து மாட்டிக்கொண்ட கதையை பௌசானியஸ் சொல்கிறார். அப்பா, சகோதரர்கள், மகன் எல்லாரும் ஒலிம்பிக் வெற்றியாளர்கள் என்பதால் அவரை விட்டுவிட்டார்கள். பயிற்சியாளர்களும் இனி ஆடையில்லாமல்தான் வரவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். இந்தத் தடைக்கு ஒரே விதிவிலக்கு டிமீட்டர் கோயிலின் பூசாரி. அவருக்கு மட்டும் நடுவர்களுக்கு எதிரே வெள்ளைக் கல் பீடத்தில் இடம் உண்டு.

கடைசியில் வந்த தண்ணீர்

மரபுக் கணக்குப்படி முதல் ஒலிம்பிக் கி.மு. 776. கூட்டத்துக்குப் போதிய தண்ணீர் குழாய் வழியாக வந்தது கி.பி. 150-ஐ ஒட்டி. தொள்ளாயிரம் வருஷத்துக்கு மேல்! கொண்டுவந்தவர் ஹெரோடெஸ் அட்டிகஸ் என்ற பெரும் பணக்காரர்.

ஜனங்கள் கொண்டாடியிருப்பார்கள். ஆனால் பெரெக்ரினஸ் என்ற தத்துவஞானி எழுந்து நின்று, இது கிரேக்கர்களைப் பூஞ்சையாக்கிவிடும், பார்க்க வருபவர்கள் தாகத்தைத் தாங்கத்தான் வேண்டும் என்று திட்டினார். அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டே திட்டினார் என்று லூசியன் குத்துகிறார். கூட்டம் கல்லெடுத்தது. ஆள் ஜீயஸிடம் ஓடித் தப்பினார். அடுத்த ஒலிம்பிக்குக்கு ஹெரோடெஸைப் புகழ்ந்து ஒரு உரை தயாரித்துக்கொண்டு வந்தார்.

கஷ்டப்பட்டுப் பார்த்தால்தான் பார்த்த மாதிரி என்கிற பேச்சு இன்றைக்கும் கேட்கிறது, இல்லையா? ஸ்டேடியத்தில் தண்ணீர் இல்லை, நிழல் இல்லை என்றால், அதுதாங்க நிஜமான ரசிகனுக்கு அடையாளம் என்று யாராவது சொல்வார்கள். எலிஸ் ரசிகனின் வழிக்குக் காவல் கொடுத்தது, அதற்காக ஸ்பார்ட்டாவையே பகைத்துக்கொண்டது. வந்து சேர்ந்தவனின் தாகம் மட்டும் அவனவன் பாடு என்று விடப்பட்டது. அந்தக் கஷ்டத்தைப் பெருமையாகப் பேசியவர்களின் குரல் நூல்களில் இருக்கிறது. தண்ணீருக்காகக் கல்லெடுத்தவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை.

அந்த பெரெக்ரினஸ் கி.பி. 165 ஒலிம்பிக் முடிந்த கையோடு பக்கத்து ஊரில் எல்லாரும் பார்க்கத் தீயில் இறங்கி இறந்தார். லூசியன் அதை நேரில் பார்த்து எழுதினார். அவர் ஏன் உடனே ஊர் திரும்பாமல் அங்கேயே இருந்தார் தெரியுமா? எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பியதால் வண்டி கிடைக்கவில்லையாம்.

அந்தத் தண்ணீர்த் தொட்டியில் நின்ற பளிங்குக் காளை இன்று ஒலிம்பியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் உடலில் வெட்டியிருக்கும் எழுத்தில் ஹெரோடெஸின் பெயர் இல்லை. தண்ணீரை ஜீயஸுக்குக் கொடுத்தவர் என்று அதில் இருப்பது அவர் மனைவி ரெகில்லாவின் பெயர். அவர்தான் அப்போது டிமீட்டர் கோயிலின் பூசாரி.