'ஹவுசிங் போர்டு' என்றொரு முகவரி: வீட்டைக் கொடுத்து ஊரைப் பறித்த வரலாறு

வடசென்னையில் தான் குடியிருக்கும் இடத்தின் பெயரைச் சொல்லத் தயங்கும் இளைஞர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேலைக்கான நேர்காணலில், கடன் விண்ணப்பத்தில், இரவில் வண்டியை ஓரங்கட்டும் போலீஸிடம் 'எர்ணாவூர்' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். அதற்குப் பின்னால் வரவேண்டிய 'ஹவுசிங் போர்டு' அல்லது 'சுனாமி குவார்ட்டர்ஸ்' தொண்டையிலேயே நின்றுவிடும். ஒரு காலத்தில் 'சேரி' என்ற சொல் செய்த வேலையை இன்று இந்தப் பெயர்கள் செய்கின்றன. சுனாமி வந்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அதற்குப் பிறகு பிறந்து இப்போது கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் முகவரியிலும் அந்த அலை இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது.

"அரசு கான்கிரீட் வீடே கொடுத்துவிட்டது, இன்னும் என்ன குறை?" என்று நம்மிடம் கேட்கிறார்கள். அதற்கு வரலாற்றிலிருந்துதான் பதில் சொல்ல வேண்டும். சென்னையில் தலித்துகளுக்கும் உழைக்கும் மக்களுக்கும் தரப்பட்ட வீடு பெரும்பாலும் அவர்கள் காலூன்றியிருந்த நிலத்துக்கு விலையாகத் தரப்பட்டது. கணக்கெடுத்தவர்கள் வீடுகளை எண்ணினார்கள். அந்த வீட்டுக்குள் வளரப்போகும் குடும்பத்தை எண்ணவில்லை.

மனையே சாட்டையாக இருந்த காலம்

பஞ்சமி நிலம் பற்றிப் பேசும்போதெல்லாம் ட்ரெமென்ஹீரின் பெயரைச் சொல்கிறோம். செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த அவர் 1891-ல் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கைதான் 1892 செப்டம்பர் 30 அரசாணைக்கு வழிவிட்டது. காட்டுப்பள்ளி இருக்கும் பொன்னேரி வட்டம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. ஆகவே இது நம் வட்டாரத்தின் கதையும்தான்.

அந்தக் காலத்துச் சிக்கலில் விவசாய நிலத்தோடு குடிமனையும் இருந்தது என்பதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. சேரி மக்கள் குடிசை போட்டிருந்த மனையையும் மிராசுதார்கள் தங்களுடையது என்று உரிமை கொண்டாடினார்கள். கூலி அதிகம் கேட்டாலோ வேறொருவர் வயலுக்கு வேலைக்குப் போனாலோ, "குடிசையைப் பிரித்துக்கொண்டு போ" என்று சொல்லிவிட முடிந்தது. தனியாளாக இருந்தால் இரண்டு நாள் பட்டினி கிடந்து எதிர்த்து நிற்கலாம். கைக்குழந்தையோடும் வயதான தாயோடும் நடுத்தெருவில் நிற்பது எப்படி? குடும்பம் இருந்ததால்தான் மனை சாட்டையானது.

1920 வாக்கில் லேபர் டிபார்ட்மென்ட் தொடங்கப்பட்டு, இந்த மக்களுக்குக் குடிமனை வாங்கித் தரும் வேலை நடந்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறையின் முன்னோடி அது. மனைப்பட்டா என்ற கோரிக்கை நூறு ஆண்டுகளாக நம் மனுக்களில் முதல் வரியாக இருப்பதற்குக் காரணம் இந்த வரலாறு.

1921: 'வெளியே அனுப்பு' என்ற யோசனை

நகரத்திலும் கதை இதுதான். 1921-ல் பெரம்பூர் பி அண்ட் சி ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பியதை ஒட்டி மோதல் வெடித்தது. ஜூன் மாத இறுதியில் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. தொழிலாளர் ஒற்றுமையைச் சாதி எப்படி உடைத்தது என்பதற்கு இந்தச் சம்பவத்தை எடுத்துக்காட்டுவார்கள். அதன்பிறகு நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆதிதிராவிடர்களை நகரத்தைவிட்டே அகற்றலாம் என்ற யோசனை நீதிக்கட்சித் தலைவர்கள் சிலரிடமிருந்து வந்தது. எம்.சி. ராஜா இதை எதிர்த்தார். 1923-ல் அவர் அந்தக் கட்சியைவிட்டே விலகினார்.

எரிந்தது யார் குடிசையோ அவர்களையே ஊரைவிட்டு அனுப்புவதுதான் தீர்வு என்று அன்று சிலருக்குத் தோன்றியது. அந்த யோசனை அப்போது நிறைவேறவில்லை. எண்பது ஆண்டுகள் கழித்து வேறு பெயரில் நிறைவேறியது.

வளரும் வீடும் வளராத வீடும்

1970-ல் குடிசை மாற்று வாரியம் உருவானது. 1971-ல் அதற்கான சட்டம் வந்தது. தொடக்க ஆண்டுகளில் வாரியம் பெரும்பாலும் மக்கள் வாழ்ந்த இடத்திலேயே குடிசையை எடுத்துவிட்டு மாடி வீடு கட்டியது. வீடு சின்னதுதான், கட்டுமானத்திலும் குறைகள் உண்டு. ஆனால் வேலை, பள்ளி, மருத்துவமனை, கடன் கொடுக்கும் கடைக்காரர், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி எல்லாமே நடந்துபோகும் தூரத்தில் இருந்தன.

1977 முதல் உலக வங்கிக் கடனில் வேறொரு முறை வந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனை பிரித்து, தண்ணீர், சாக்கடை, சாலை போட்டுக் கொடுத்தார்கள். வீட்டை அந்தந்தக் குடும்பம் தன் வருமானத்துக்கு ஏற்பக் கட்டிக்கொண்டது. மகனுக்குக் கல்யாணம் என்றால் மேலே ஓர் அறை எழுப்பலாம், முன்பக்கம் சின்னதாக ஒரு கடை வைக்கலாம். இந்தத் திட்டங்களைத் தோல்வி என்று அன்று பலர் ஒதுக்கினார்கள். மும்பையிலும் சென்னையிலும் இருபது ஆண்டுகள் கழித்து அதே இடங்களை ஆராய்ந்து 2018-ல் வெளியான கட்டுரை ஒன்று, பல வருமான நிலையினரும் கலந்து வாழும் பகுதிகளாக அவை வளர்ந்திருப்பதைக் காட்டியது. மனை கையில் இருந்ததால் குடும்பத்தோடு சேர்ந்து வீடும் வளர்ந்தது.

பிறகு பாதை மாறியது. 2000-ல் தொடங்கிக் கண்ணகி நகரில் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள், அடுத்து செம்மஞ்சேரி, அடுத்து பெரும்பாக்கம். நகரத்தின் நடுவில் வாழ்ந்தவர்களைத் தெற்கு விளிம்பில் கொண்டுபோய் அடுக்கினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு வடசென்னைக் கடற்கரைக் குடும்பங்கள் கார்கில் நகரின் தற்காலிகக் கொட்டகைகளில் இருந்தன. அவர்களில் ஒரு பகுதியினரை நகரத்தின் மறுகோடியில் இருக்கும் செம்மஞ்சேரிக்கு அனுப்பினார்கள். திருவொற்றியூர்க் கடலை நம்பிப் பிழைத்தவருக்கு முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் வீடு. அந்த வீட்டிலிருந்து விடிகாலையில் கடலுக்கு எப்படிப் போவது என்ற கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை.

ஒற்றை அறையில் பிள்ளை வளர்ப்பது

களப்பணியில் வீடு வீடாகப் போகும்போது நான் முதலில் பார்ப்பது கட்டில் எங்கே கிடக்கிறது என்பதைத்தான். ஓர் அறை, ஒரு சமையல் மூலை, ஒரு கழிவறை. குடியேறும்போது கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என்று ஒரு குடும்ப அட்டை இருந்தது. ஒதுக்கீடும் ஒன்று. பதினைந்து ஆண்டுகளில் மகள் பெரியவளாகிவிட்டாள், மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பேரக்குழந்தை வந்துவிட்டது. வீடு மட்டும் அன்று அளந்த அளவிலேயே நிற்கிறது. பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை மாடிப்படியில் உட்கார்ந்து படிக்கிறது. இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர் பகலில் தூங்க இடமில்லை. குப்பத்திலோ சேரியிலோ இருந்திருந்தால் பக்கத்தில் ஒரு தடுக்குக் கட்டி மகனைத் தனிக்குடித்தனம் வைத்திருப்பார்கள். மூன்றாவது மாடியில் எங்கே கட்டுவது?

இந்த இடத்தில் ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2013-ன் நிலம் கையகப்படுத்தல் சட்டம், வயதுவந்த ஒவ்வொருவரையும் (மணமானவரோ இல்லையோ, ஆணோ பெண்ணோ) தனிக்குடும்பமாகக் கொள்ள வேண்டும் என்கிறது. கைவிடப்பட்ட பெண்களையும் கைம்பெண்களையும் அப்படியே கணக்கிடச் சொல்கிறது. குடியமர்த்தும் இடத்தில் அங்கன்வாடி, பள்ளி, ரேஷன் கடை, சுடுகாடு வரை என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியலே போடுகிறது. ஆனால் புறம்போக்கில் இருந்தவர்களை அகற்றும்போது, "நிலம் ஏற்கெனவே அரசுடையது, கையகப்படுத்த எதுவுமில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். பட்டா இருந்தவருடைய மகன் ஒரு குடும்பமாகிறான். பட்டா இல்லாதவருடைய மகன் அப்பாவின் அட்டையில் ஒரு பெயராக மட்டும் இருக்கிறான். தலைமுறை தலைமுறையாக யாருக்குப் பட்டா மறுக்கப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும்.

அடுத்தது பள்ளி. தமிழக அமைச்சராகவும் ஒன்றிய அமைச்சராகவும் இருந்த தலித் தலைவர் சத்தியவாணி முத்துவின் பெயரைத் தாங்கிய நகர் ஒன்று சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே இருந்தது. 2019 டிசம்பர் கடைசியில், கல்வியாண்டின் நடுவில், அங்கிருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அகற்றத் தொடங்கினார்கள். அரையாண்டுத் தேர்வுக்கும் முழுஆண்டுத் தேர்வுக்கும் இடையில் பள்ளி மாறும் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதை யாரும் ஆய்வு செய்து சொல்ல வேண்டியதில்லை. வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவுக்குப் பழைய இடத்தில் இரண்டு தெரு தள்ளி வேலை இருந்தது. இப்போது இரண்டு பஸ் மாற வேண்டும். அவர் கிளம்பும்போது பிள்ளை தூங்குகிறது, திரும்பும்போதும் தூங்குகிறது. "ஹவுசிங் போர்டு பசங்க கெட்டுப்போறாங்க" என்று பேசுகிறவர்கள் இந்த நேரக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

கட்டடத்தின் பலமும் நிச்சயமில்லை. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக் இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைப் பார்த்து மக்கள் முன்பே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், புளியந்தோப்பு கே.பி. பார்க்கின் புதிய அடுக்குமாடியில் கையால் சுரண்டினாலே பூச்சு உதிர்ந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. 1921-ல் குடிசைகள் எரிந்த அதே புளியந்தோப்பு. அதே 2021-ல்தான் 'குடிசை மாற்று வாரியம்' என்ற பெயர் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாறியது.

அம்பேத்கர் கேட்ட குடியிருப்பு

"தனிக்குடியிருப்பு வேண்டும் என்று அம்பேத்கரே கேட்டாரே?" என்று சிலர் மடக்குவார்கள். கேட்டார், உண்மைதான். 1942 ஜூலையில் நாக்பூரில் நடந்த மாநாட்டில் அந்தத் தீர்மானம் நிறைவேறியது. 1947-ல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் அதற்கென ஒரு குடியேற்ற ஆணையமும், ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் நிதியும் கேட்டார். ஆனால் அவர் கேட்ட குடியிருப்பு நிலத்தோடு சேர்ந்தது. சாதி இந்துவின் வயலை நம்பியிருந்தால் விடுதலை இல்லை என்பதால் சாகுபடி நிலமுள்ள புதிய ஊர்களைக் கேட்டார். நமக்குக் கிடைத்ததில் தனிமை மட்டும் இருக்கிறது. பிழைப்புக்கான நிலம் இல்லை. அதைப் புதுச் சேரி என்றுதான் சொல்ல வேண்டும்.

காட்டுப்பள்ளி: இனி நடக்கப்போவது

இப்போது நம் தீவுக்கு வருவோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாயும் கொசஸ்தலை ஆறும், வடக்கே பழவேற்காடு. 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. பிறகு எல் அண்ட் டி-யின் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தன. காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவக் குடும்பங்கள் அதற்காக இடம்பெயர்க்கப்பட்டன. நிரந்தர வேலை என்ற வாக்குறுதிக்காக அவர்கள் ஆண்டுகள் பல கடந்தும் போராட வேண்டியிருந்தது. 2018-ல் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. 330 ஏக்கரில் இருக்கும் துறைமுகத்தை 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதற்கான மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டு, இரண்டு முறையும் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது.

இந்தப் போராட்டத்துக்குள்ளும் ஒரு சாதிக் கணக்கு உண்டு. பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்ற முறைப்படி மீன்பிடி உரிமை சாதி வழியாகவே பங்கிடப்பட்டு வந்தது. தலித்துகள் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. படகை வைத்தும் சங்க உறுப்பினர் அட்டையை வைத்தும் 'மீனவர்' என்று பட்டியல் எடுத்தால் அவர்கள் பெயர் எங்கே வரும்? நாளை இழப்பீடும் வீடும் அந்தப் பட்டியலின்படிதான் வரும். மீனவச் சொந்தங்களின் போராட்டத்தில் நாம் தோளோடு தோள் நிற்க வேண்டும். அங்கே நிற்கும்போதே இந்தக் கேள்வியையும் எழுப்ப வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

1985-ல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் வாழ்வாதாரமும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சட்ட மாணவர்கள் படித்திருப்பீர்கள். அதே ஆண்டில் சென்னைக் குடிசைவாசிகளுக்காக வழக்கறிஞர் கே. சந்துரு தொடுத்த வழக்கிலும் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்புகளுக்குப் பிறகும் கண்ணகி நகர் வந்தது, பெரும்பாக்கம் வந்தது. வீடு ஒதுக்கிய பிறகு கேட்கும் கேள்விக்குப் பலம் குறைவு. கணக்கெடுப்பு நடக்கும்போதே கேட்க வேண்டும்.

எனவே தோழர்களே, தீவிலோ எர்ணாவூரிலோ எந்தக் குடியிருப்பிலோ கணக்கெடுப்பு என்று யாராவது நோட்டுடன் வந்தால், நீங்களும் ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பதினெட்டு வயது தாண்டிய ஒவ்வொருவரும் தனிக்குடும்பமாகப் பதிவாகிறார்களா? தனித்து வாழும் பெண்களின் பெயர் இருக்கிறதா? படகில்லாமல் பிழைப்பவர்கள் பட்டியலில் இருக்கிறார்களா? பிள்ளைகளின் பள்ளி எத்தனை கிலோமீட்டர், அம்மாவின் வேலை எத்தனை பஸ்? ஆண்டின் எந்த மாதத்தில் அகற்றப்போகிறார்கள்? ஒப்பந்தத்தில் வேலை என்று எழுதியிருந்தால் அது நிரந்தரமா, தினக்கூலியா? வீட்டுக்குப் பத்திரம் எப்போது, யார் பெயரில்? எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி, மக்களிடம் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை ஊரிலேயே வையுங்கள். காட்டுப்பள்ளிக்கு மூன்றாவது முறையாகக் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டால், அந்த நோட்டு நம் கையில் தயாராக இருக்க வேண்டும்.