கழலாத போல்ட்டும் ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியாரும்

ஆடி மழை பெய்து மூணாம் நாள். காட்டில் பதம் போய்க்கொண்டே இருந்தது. அன்றைக்கு உழுது கடலை போடாவிட்டால் அடுத்த மழைக்குத்தான் காத்திருக்கணும். அந்த நேரம் பார்த்து ரோட்டவேட்டரின் பக்கப் பெட்டியில் ஆயில் ஒழுகியது. மூடியைக் கழற்றி சீல் மாற்றினால் ஒரு மணி நேர வேலை. ஆனால் போல்ட் அசையவே இல்லை.

துருதான் என்று நினைத்து மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில் ஸ்பானரில் பைப்பைச் சொருகி ஏறி மிதித்தேன். 'டப்'. தலை மட்டும் கழண்டு விழுந்தது.

பட்டறைத் தம்பி வந்து உடைந்த இடத்தைப் பார்த்தார். மரையில் சிவப்பாகப் பொடி. "அண்ணா, இது துரு இல்லீங்க, பசைங்க. மண்ணெண்ணெய் எத்தன ஊத்துனாலும் கேக்காது."

அந்தப் பசையின் கதையை அப்புறம்தான் தேடிப் படித்தேன்.

ஓடுகிற எதுவும் அதிரும், அதிர்ந்தால் கழலும். நம்ம தாத்தாக்கள் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் கடையாணி போட்டது அதற்குத்தான். மெஷின் காலத்தில் ஸ்பிரிங் வாஷரும் கம்பிப் பின்னும் வந்தன. 1940களில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் ஒரு திரவத்தைக் கண்டுபிடித்தார்கள். காற்று படும்வரை தண்ணியாக இருக்கும், காற்று இல்லாவிட்டால் கல்லாகிவிடும். கெட்டியாகாமல் வைத்திருக்க ஓயாமல் காற்றைக் குமிழியாக விட வேண்டியிருந்தது. அப்படியொரு சரக்கை யார் கடையில் வைத்து விற்பது?

அங்கே வேலை பார்த்த ராபர்ட் க்ரீபிள் இதைத் தன் அப்பாவிடம் சொன்னார். அப்பா வெர்னன் க்ரீபிள், ஹார்ட்ஃபர்ட் ஊரில் ட்ரினிட்டி காலேஜில் கெமிஸ்ட்ரி வாத்தியார். பாட்டிலில் இருக்கும்போது கெட்டியாகாத, மரைக்குள் போனதும் இறுகுகிற பசையை 1953ல் அவர் செய்துவிட்டார். அதுதான் லாக்டைட். இன்றைக்கும் அந்தப் பாட்டிலை முழுக்க நிரப்புவதில்லை. உள்ளே காற்று இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடம். ஏமாத்து வேலை இல்லை!

மரைக்கும் மரைக்கும் நடுவே காற்று கிடையாது, இரும்பு மட்டும்தான். அங்கே பசை பிளாஸ்டிக் மாதிரி இறுகிவிடும். நீலப் பசை என்றால் ஸ்பானருக்கே கழலும். சிவப்புக்குச் சூடு வேணும், சுமார் 250 டிகிரி. சூடு ஆறுவதற்குள் திருப்பிவிடணும், ஆறினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். டவுனில் இருக்கிறவர்களுக்கு ஒன்று: சின்ன ஸ்க்ரூ என்றால் சால்டரிங் அயர்ன் முனையை அதன் தலையில் கொஞ்ச நேரம் வைத்தாலே போதும். பக்கத்தில் பெட்ரோல், ஆயில், பிளாஸ்டிக் இருந்தால் மட்டும் ஜாக்கிரதை.

தம்பி, உடைந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்தார். அந்தச் சூட்டிலேயே பசை இளகி, நட்டோடு சேர்ந்து சுலபமாகத் திரும்பி வந்தது. மற்ற போல்ட்டுகளுக்கு டார்ச் காட்டினார். எப்படியும் மாற்றப்போகிற சீல் என்பதால் சூடு பட்டாலும் கவலையில்லை.

சாயங்காலம் வண்டி ஓடியது. மூணு ஏக்கரில் ரெண்டுதான் விதைக்க முடிந்தது. மூணாவது ஏக்கர் காய்ந்துவிட்டது. புது போல்ட்டுக்கு நீலப் பசை போட்டு, மூடியின் மேல் பெயிண்டில் 'நீலம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். அடுத்துப் பிரிக்கிறவன் நானாக இல்லாமலும் போகலாம் இல்லையா?