சனிக்கிழமைச் சம்பளமும் மளிகை நோட்டும்

போன மாசம் அம்மா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய நோட்டு கிடைத்தது. அட்டை கிழிந்து, எண்ணெய்க் கறை படிந்து, எடைக்குப் போகத் தயாராக இருந்தது. பிரித்துப் பார்த்தால் மளிகைக் கணக்கு. 'து.பருப்பு 250, க.எண்ணெய் 100, புளி 100, பார் சோப்பு பாதி' என்று வரி வரியாக ஓடுகிறது. ஒவ்வொரு வாரத்துக்கும் அடியில் ஒரு கோடு. வருசம் 1984.

திருப்பூரின் ஏற்றுமதி வரலாற்றைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. 1925 வாக்கில் முதல் பனியன் கம்பெனி வந்தது, எழுபதுகளின் கடைசியில் ஏற்றுமதி பிடித்தது என்று எல்லாரும் சொல்லும் கதை அது. அந்தக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள் என்ன விலைக்குப் பருப்பு வாங்கினார்கள், எப்படி மிச்சம் பிடித்தார்கள் என்பதை யாரும் பெரிதாக எழுதவில்லை. அதற்கான ஒரு சின்னக் குறிப்பு இது.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். இந்த ஊரில் பனியன் வேலைக்குச் சம்பளம் வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் கவர் கைக்கு வரும், ஞாயிற்றுக்கிழமை லீவு, அன்றைக்குத்தான் கறி, சந்தை, மளிகை எல்லாம். மாசச் சம்பளக்காரர் 1ஆம் தேதி பட்டியல் போட்டு அஞ்சு கிலோ, பத்து கிலோவாக வாங்கிப் போடுவார். மொத்தமாக வாங்கினால் விலை குறையும். வாரச் சம்பளக்காரர் கால் கிலோவும் நூறு கிராமுமாகத்தான் வாங்க முடியும். 'மொத்தமா வாங்குங்க, மிச்சமாகும்' என்ற அறிவுரை எல்லாக் காலத்திலும் உண்டு. மொத்தமாக வாங்குவதற்குக் கையில் மொத்தமாகக் காசு வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஏழைக்குப் பொருள் விலை கூடுதலாக விழுவது இந்த இடத்தில்தான்.

அம்மா கைமடி வேலைக்குப் போனவர். அப்பா கட்டிங். சாமான் வாங்கியது தெருமுனைக் கணக்குக் கடையில். நோட்டில் எழுதி வாங்குவது, சனிக்கிழமை தீர்ப்பது. டவுனில் ரொக்கத்துக்கு வாங்கினால் விலை குறைவு என்பது அம்மாவுக்கு நன்றாகவே தெரியும். பிறகு ஏன் அங்கேயே வாங்கினார்? பதில் நோட்டின் நடுப் பக்கங்களில் இருக்கிறது.

1984இல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பஞ்சப்படி என்றால் விலைவாசி ஏறினால் அதற்கேற்பக் கூலியோடு சேர்த்துத் தரும் படி. இன்று அரசு ஊழியர்கள் அகவிலைப்படி என்று சொல்வது இதைத்தான். அதாவது அந்தப் போராட்டமே ஒரு வகையில் மளிகைக் கணக்குதான்: பருப்பு விலை ஏறினால் அந்தச் சுமை யார் தலையில் விழவேண்டும் என்ற கேள்வி.

127 நாள் என்றால் பதினெட்டு சனிக்கிழமை. பதினெட்டு கவர் வரவில்லை. நோட்டில் அது அப்படியே தெரிகிறது. முதல் மூணு வாரம் பெரிய வித்தியாசமில்லை. பிறகு காபித்தூள் காணாமல் போகிறது. எண்ணெய் 100 கிராம் 50 ஆகிறது. துவரம்பருப்பு இருந்த இடத்தில் கொள்ளு. அரிசி குறைந்து ராகி வருகிறது. நான் அப்போது இரண்டாம் வகுப்பு. மதியம் எனக்குப் பள்ளிக்கூடச் சாப்பாடு. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு எங்கள் வீட்டில் ஒரு வேளைச் சமையலை மிச்சப்படுத்தியது என்று இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

பதினெட்டு வாரமும் கடைக்காரர் கொடுத்துக்கொண்டே இருந்தார். பாக்கி அடுத்த வருசம்தான் தீர்ந்தது. அம்மாவிடம் கேட்டேன். "எட்டணா சேத்திப் போடறாருன்னு எல்லாருக்கும் தெரியும் கண்ணு. அந்த நாலு மாசம் அடுப்பு எரிஞ்சதும் அவராலதான்" என்றார். அந்த எட்டணாவை இன்றைய பாஷையில் இன்சூரன்ஸ் பிரீமியம் என்று சொல்லலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற நெசவு ஊரில் 1844இல் 28 பேர் சேர்ந்து ஒரு கூட்டுறவுக் கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை மாதிரி நாலைந்து சாமான்தான். அவர்கள் வைத்த கண்டிப்பான விதிகளில் ஒன்று, கடன் கிடையாது, ரொக்கம் மட்டும். கடன் வைத்தே கடைக்காரர்களிடம் சிக்கிக்கொண்ட அனுபவம் அவர்களுக்கு இருந்தது. லாபத்தை வாங்கினவர்களுக்கே பிரித்துக் கொடுத்தார்கள். அந்த வழியைப் பின்பற்றித்தான் 1904இல் சென்னையில் திருவல்லிக்கேணி கூட்டுறவுப் பண்டகசாலை வந்தது. ராச்டேல்காரர்கள் சரியா, அம்மா சரியா? ரெண்டு பேரும் சரிதான். வேலை நடக்கும் வாரத்தில் ரொக்கக் கடை லாபம். வேலை நிற்கும் வாரத்தில் கணக்குக் கடை உயிர்.

இந்த ரெண்டு வாரங்களுக்கும் நடுவில் அரசு வந்தது. 1967இல் அண்ணா ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைச் சென்னை, கோவை நகரங்களில் தொடங்கினார். மாநிலம் முழுக்க விரிக்கப் பணம் இடம் கொடுக்கவில்லை. பிறகு 2006இல் ரேஷன் அரிசி கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011இல் இலவசம். 2007இல் துவரம்பருப்பு, உளுத்தம்பருப்பு, பாமாயில் எல்லாம் ரேஷனில் குறைந்த விலைக்கு வந்தன. திருப்பூரில் ஒரு வீடு மிச்சம் பிடித்தது என்றால் அதில் பெரிய பங்கு இந்தப் பையில்தான் வந்தது.

காய்கறிக்கு உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கியது. விவசாயியே விற்பார், கடை வாடகை இல்லை, தராசு இலவசம். மொத்த விலையைவிட சுமார் 20 சதவீதம் கூடுதல், வெளிச் சில்லறை விலையைவிட சுமார் 15 சதவீதம் குறைவு என்று தினமும் விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதிவிடுவார்கள். திருப்பூரில் தென்னம்பாளையத்து உழவர் சந்தைக்கு அம்மா ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் போய்விடுவார். மத்த நாளில் முடியாது. சந்தை சுறுசுறுப்பாக இருக்கும் காலை நேரத்தில்தான் கம்பெனி வண்டியும் வரும். முந்தின நாள் ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர் விடியலில் எழுந்து வரிசையில் நின்றால் மிச்சமாகும் காசு, உண்மையில் அவர் தூக்கத்தின் விலை. சிக்கனம் என்று நாம் பாராட்டுவதில் பாதி, பெண்கள் கூலி வாங்காமல் செய்த வேலை.

2020இல் 1984 திரும்பி வந்தது. மார்ச் 25 முதல் ஊரடங்கு, கம்பெனிகள் மூடிவிட்டன, கவர் இல்லை. தென்னம்பாளையம் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். சீக்கிரமே அந்த மாதிரிச் சுரங்கங்கள் வேண்டாமென்று அரசே சொல்லிவிட்டது. ரேஷன் கார்டு உள்ளவர்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையோடு 1,000 ரூபாயும் கிடைத்தது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து பக்கத்து லைன் வீடுகளில் இருந்தவர்களுக்கு இங்கே கார்டு கிடையாது. கணக்கு நோட்டும் கிடையாது. நேற்று வந்து நாளை போகிறவர் என்று நினைத்தால் எந்தக் கடைக்காரர் எழுதிக் கொடுப்பார்? ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தது 2020 அக்டோபர் 1இல்தான். அதற்குள் நிறையப் பேர் ரயில் ஏறிவிட்டார்கள்.

நோட்டை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில், 'பாக்கி தீர்ந்தது' என்று கடைக்காரர் கையெழுத்து. அதற்குக் கீழே அம்மா கையெழுத்தில் ஒரே ஒரு வரி: 'காபித்தூள் 50'.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது நோட்டு கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.